அடுத்து என்ன படிக்கலாம்? – நூல் பரிந்துரை கேட்பதும் சொல்வதும்

"பொன்னியின் செல்வன் முடித்துவிட்டேன், அடுத்து என்ன படிக்கலாம்?" தமிழ் வாசகர்கள் கூடும் எந்த இணையக் குழுவிலும் சில வாரங்களுக்கு ஒருமுறை இந்தக் கேள்வி தலைகாட்டும். அரை மணி நேரத்தில் நாற்பது பெயர்கள் வந்து விழும். அவற்றில் சங்க இலக்கியம் இருக்கும், தஸ்தயேவ்ஸ்கி இருப்பார், நேற்று வெளியான கவிதைத் தொகுப்பும் இருக்கும். கேட்டவர் எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு, பெரும்பாலும், எதையும் படிக்காமலே போய்விடுவார். பதில் சொன்னவர்களிடம் அக்கறைக்குக் குறைவில்லை. கேட்டவருக்கு அந்த நாவலில் எது பிடித்தது என்று அவரும் சொல்லவில்லை, வேறு எவரும் கேட்கவுமில்லை.

கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த அந்த ஐந்து பாகங்களை முடித்தவர்கள் எல்லோரும் ஒரே வகை வாசகர்கள் அல்லர். வந்தியத்தேவனின் குதிரைக்குப் பின்னாலேயே ஓடியவருக்கு சாண்டில்யனின் 'யவன ராணி'யோ 'கடல் புறா'வோ பொருந்தும். சோழர் நாட்டில் உண்மையில் என்ன நடந்தது என்ற ஆவல் பிறந்தவருக்கு நாவலே வேண்டாம்; தி. வை. சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் வரலாறு' அவர் கைக்குப் போக வேண்டிய நூல், அதைத் தாண்டியதும் நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்'. தஞ்சைப் பெரிய கோயிலை நோக்கி மனம் போனவருக்கு பாலகுமாரனின் 'உடையார்' உண்டு. அரசர்களைவிடப் பழைய காலத்து மனிதர்களின் அன்றாடம்தான் பிடித்தது என்பவருக்கு, 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியைச் சொல்லும் பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்' அல்லது கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்'. நந்தினியை மறக்க முடியாமல் தவிப்பவருக்கு வரலாற்று நாவலே தேவையில்லாமல் போகலாம், தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' அவரை இன்னும் ஆழமாகப் பிடித்துக்கொள்ளக்கூடும். கேள்வி ஒன்று, விடைகள் ஐந்து. எந்த விடை யாருக்கு என்பது கேட்பவர் தன்னைப் பற்றி எவ்வளவு சொல்கிறார் என்பதைப் பொறுத்தது.

இது இணையம் கொண்டுவந்த சிக்கல் அல்ல. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் மூன்று இதைப் பற்றியவைதான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் உண்டு என்பது இரண்டாவது விதி. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் உண்டு என்பது மூன்றாவது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது நான்காவது. நூலகத்தின் முகப்பு மேசையில் இருப்பவர் செய்ய வேண்டிய வேலையாக ரங்கநாதன் கண்டதைத்தான், இன்று குழுக்களில் வாசகர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்கிறார்கள். மேசை இல்லை, பயிற்சியும் இல்லை. அதனால் சில முறைகளைத் தெரிந்து வைத்துக்கொள்வது உதவும்.

கேட்கும் முறை

"நல்ல நாவல் ஒன்று சொல்லுங்கள்" என்ற கேள்விக்குச் சரியான பதில் கிடையாது. கேட்கப்படுபவர் தனக்குப் பிடித்ததைத்தான் சொல்வார். அது கேட்டவருக்கும் பிடித்துவிட்டால் அது தற்செயல்.

கேட்பவர் சொல்ல வேண்டியவற்றில் முதன்மையானது, அண்மையில் படித்துப் பிடித்துப்போன இரண்டு மூன்று நூல்களின் பெயர். பெயர் மட்டும் போதாது, எங்கே பிடித்தது என்பதும் வேண்டும். அமெரிக்காவின் சியாட்டில் நகர நூலகராக இருந்த நான்சி பேர்ல் இதற்கு ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறார். ஒரு நூலுக்குள் வாசகர் நுழைய நான்கு வாசல்கள் இருக்கின்றன: கதை, மாந்தர், களம், மொழி. ஒவ்வொரு நூலிலும் இந்த நான்கும் வெவ்வேறு அகலத்தில் திறந்திருக்கும். ஒவ்வொரு வாசகருக்கும் பழகிய வாசல் ஒன்று இருக்கும். கதை வாசலில் நுழைந்து பழகியவரிடம் லா. ச. ராமாமிருதத்தைக் கொடுத்தால் அவர் வெளியிலேயே நின்றுவிடுவார். லா. ச. ரா.வின் உலகில் பெரிதாகத் திறந்திருப்பது மொழி வாசல். மொழிக்காகவே படிப்பவரிடம் விறுவிறுப்பான துப்பறியும் கதையைக் கொடுப்பதும் அதே தவறுதான். தனக்குப் பிடித்த மூன்று நூல்களை வரிசையாக எழுதி, மூன்றிலும் பொதுவாக இருப்பது எந்த வாசல் என்று பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். பலருக்கு அது வியப்பாகவும் இருக்கும். வரலாற்று நாவல் பிரியர் என்று தன்னை நினைத்துக்கொண்டிருந்தவர், தனக்குப் பிடித்தது வரலாறே அல்ல, பழைய ஊர்களும் தெருக்களும்தான் என்று கண்டுபிடிப்பார்.

அடுத்தது, பாதியில் நின்றுபோன நூல். இதைச் சொல்லப் பலர் கூச்சப்படுகிறார்கள். எல்லோரும் கொண்டாடும் நூலைத் தாண்ட முடியவில்லை என்று பொதுவில் ஒப்புக்கொள்ள மனம் வருவதில்லை. ஆனால் பிடித்த பத்து நூல்களின் பட்டியலைவிட, நின்றுபோன ஒரு நூலும் அதன் காரணமும் பதில் சொல்பவருக்கு அதிகம் சொல்லிவிடும். வட்டார வழக்கு புரியாமல் நின்றதா, நீளத்தால் நின்றதா, துயரம் தாங்காமல் மூடி வைத்ததா என்பது முக்கியம். மூன்றுக்கும் மூன்று வேறு மருந்துகள்.

பிறகு நடைமுறை விவரங்கள்: எவ்வளவு நேரம் இருக்கிறது, அச்சா கிண்டிலா ஒலிநூலா, எந்த ஊர், எவ்வளவு செலவழிக்க முடியும். டொராண்டோவிலோ கோலாலம்பூரிலோ இருப்பவருக்குச் சென்னைப் பதிப்பகம் ஒன்றின் நூலைச் சொல்லும்போது, நூலின் விலையோடு தபால் செலவும் சேர்ந்துவிடுகிறது. பரிசளிக்கவோ பிள்ளைகளுக்குக் கொடுக்கவோ கேட்பவர்கள், படிக்கப் போகிறவரின் வயதையும் இதுவரை அவர் படித்ததையும் சொல்ல வேண்டும். தான் படிக்க ஆசைப்படுவதைப் பிள்ளையின் பெயரில் கேட்பவர்களும் உண்டு; அது தனிக் கதை.

எல்லாம் சேர்ந்தால் கேள்வி இப்படி அமையும்: "கல்லூரி நாட்களில் சுஜாதா நிறையப் படித்தேன். பிறகு பத்து வருடம் எதுவும் இல்லை. போன மாதம் அசோகமித்திரனின் 'தண்ணீர்' படித்தேன். எதையும் ஓங்கிச் சொல்லாத அந்த நடை ரொம்பப் பிடித்தது. 'மோகமுள்' நூறு பக்கத்தில் நின்றுவிட்டது, நீளம்தான் காரணம். ரயிலில்தான் படிக்க முடிகிறது, இருநூறு பக்கத்துக்குள் இருந்தால் நல்லது. அச்சுப் புத்தகம் வேண்டும்." இதற்கு வரும் பதில்கள் நாற்பதாக இருக்காது. அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்', வண்ணநிலவனின் 'ரெயினீஸ் ஐயர் தெரு', சா. கந்தசாமியின் 'சாயாவனம்' என்று நாலைந்து பெயர்களுக்குள் அடங்கிவிடும். அவற்றில் எதை எடுத்தாலும் பழுதில்லை.

கேட்பதற்கு முன் குழுவின் தேடல் பெட்டியில் ஒருமுறை தேடிப் பார்ப்பது மரியாதை. 'அறிவியல் புனைகதை' என்று தேடினால் போதும், 'என் இனிய இயந்திரா'வில் தொடங்கும் பழைய உரையாடல் ஒன்று ஏற்கெனவே கிடக்கும். அதைப் படித்துவிட்டு, "அதில் சொன்ன இரண்டைப் படித்துவிட்டேன், அதற்கு மேல்?" என்று கேட்பவருக்குப் பதில் சொல்ல ஆட்கள் ஓடி வருவார்கள்.

சொல்லும் முறை

பரிந்துரை சொல்வதில் பெரிய சறுக்கல், கேட்டவரை மறந்துவிட்டுத் தன் வாசிப்பைக் காட்டுவது. சின்னதாக ஒன்று வேண்டும் என்று கேட்டவருக்கு ஆயிரம் பக்க நாவலைச் சொல்லி, இதைப் படிக்காமல் இலக்கியம் பேசவே முடியாது என்று முடிப்பவர்கள் எல்லாக் குழுக்களிலும் உண்டு. அவர்களின் ரசனை நல்லதாகவே இருக்கலாம். கேட்டவருக்கு மட்டும் அதனால் பயனில்லை.

மூன்று நூல்களுக்கு மேல் சொல்ல வேண்டாம். ஒன்று கேட்டவரின் ரசனைக்கு மிக அருகில் இருக்கலாம், இன்னொன்று சற்றுத் தள்ளி. மூன்றாவது, அவர் தானாகத் தேடிப் போயிருக்கவே மாட்டார் என்று தோன்றுகிற ஒன்று. முதல் நூல் நம்பிக்கையைத் தரும். அது பிடித்துப்போனால்தான் மூன்றாவதை அவர் தொடுவார். அதனால் எதில் தொடங்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுவது நல்லது.

ஒவ்வொரு நூலுக்கும் இரண்டு மூன்று வரி வேண்டும். "அருமை", "கட்டாயம் படிக்க வேண்டும்", "வேற லெவல்" என்பவை நூலைப் பற்றி எதுவும் சொல்லாத சொற்கள். எந்த நூலுக்கும் அவற்றைப் போடலாம். எங்கே நடக்கிறது, எப்படிப்பட்ட நடை, எவ்வளவு நீளம், யாருக்கு ஒத்துவராது என்பவைதான் உதவும். கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யைப் பரிந்துரைப்பவர் இப்படி எழுதலாம்: "இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மெடான், பினாங்கு என்று தென்கிழக்காசியாவில் நடக்கும் கதை. பிழைக்கப் போன தமிழ் வணிகர்களின் பேச்சு அப்படியே வரும். நாயகன் பாண்டியனின் மன ஓட்டம் பக்கக் கணக்கில் நீளும். நேர்க்கோட்டில் கதை போக வேண்டும் என்பவருக்கு முதல் ஐம்பது பக்கம் சிரமம். அதைத் தாண்டிவிட்டால் தமிழில் இதுபோல் இன்னொன்று கிடைப்பது அரிது." சிரமத்தை முன்கூட்டியே சொன்னதால் நூலுக்கு ஒரு குறையும் வந்துவிடாது. ஐம்பது பக்கத்தில் மூடிவைக்க இருந்தவர், இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று பக்கத்தைப் புரட்டுவார்.

கதையின் முடிச்சை அவிழ்த்துவிடாமல் சொல்வதும் ஒரு திறமை. கதையின் முதல் கால் பகுதிக்குள் நடப்பதை மட்டும் சொல்வது பாதுகாப்பான எல்லை. பழைய நூல்தானே, எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்ற சமாதானம் செல்லாது. இன்று முதன்முதலாகக் கையில் எடுப்பவருக்கு எல்லா நூலும் புதிதுதான். அதே சமயம், வாசகர் முன்கூட்டி அறிந்திருக்க வேண்டிய செய்திகளை மறைக்கவும் கூடாது. ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே' மெலிந்த நூல். மெலிந்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதைப் பள்ளி மாணவனுக்குப் பரிந்துரைத்தால், கொடுத்தவர் அதைப் படிக்கவில்லை என்றுதான் பொருள். மாணவனுக்குச் சிறிய நூல்தான் வேண்டும் என்றால் சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' இருக்கிறது. அண்மையில் வீட்டில் இழப்பைச் சந்தித்தவர் கேட்கும்போது, சாவு கதையின் நடுவில் இருக்கிறதா என்று ஒரு வரி சொல்லிவிடுவதும் இதில் சேரும்.

படிக்காத நூலைப் பரிந்துரைக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று தோன்றும். ஆனால் குழுக்களில் வரும் பெயர்களில் கணிசமானவை, சொல்பவர் வாங்கி அலமாரியில் வைத்திருப்பவை. "நான் இன்னும் படிக்கவில்லை, நம்பகமான ஒருவர் சொன்னார்" என்று சேர்த்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

எழுதியவர் நண்பரா, பதிப்பாளர் உறவினரா, மதிப்புரைக்காக இலவசமாக வந்த பிரதியா, தரும் இணைப்பின் வழியாக வாங்கினால் கமிஷன் கிடைக்குமா என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். டிசம்பர் பிறந்ததும் இதன் தேவை கூடிவிடும். 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி நடப்பதால், தமிழ்ப் பதிப்பகங்களின் புதிய நூல்களில் பெரும்பகுதி அந்த நாட்களைக் குறிவைத்தே வெளிவருகிறது. 'இந்த ஆண்டு வாங்க வேண்டிய நூல்கள்' என்று வரும் பட்டியல்களில் சில, பட்டியல் போட்டவரின் நட்பு வட்டத்தின் வரைபடமாகவே இருக்கும். நட்பு குற்றமல்ல, சொல்லாமல் விடுவதுதான் கேட்பவரை ஏமாற்றுகிறது. தன் நூலையே சொல்ல விரும்பும் எழுத்தாளர், "இது நான் எழுதியது" என்று தொடங்கினால் வாசகர்கள் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

பட்டியல் என்றாலே சண்டை வரும் என்பது தமிழில் பழைய சங்கதி. க. நா. சுப்ரமண்யம் தொடர்ந்து பட்டியல் போட்டார். அதற்காகவே ஏச்சும் வாங்கினார். நூல்களைப் பரிந்துரைக்கும் அவரது 'படித்திருக்கிறீர்களா?' இன்றும் படிக்கக் கிடைக்கிறது. அவர் ஏன் அந்த நூல்களைச் சொன்னார் என்பதற்கான காரணங்கள் அதில் இருப்பதால், அவரோடு உடன்படாத வாசகரும் அதிலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ள முடியும். காரணம் சொல்லாத பட்டியலில், இவர் ஏன் இருக்கிறார், அவர் ஏன் இல்லை என்ற கணக்குத்தான் மிஞ்சும்.

பெயர், பதிப்பு, மொழிபெயர்ப்பு

தி.ஜா., சு.ரா., கி.ரா., லா.ச.ரா., கு.ப.ரா., எஸ்.ரா. என்று தலைப்பெழுத்துகளில் பேசுவது தமிழ் வாசகர்களின் வழக்கம். பழகியவர்களுக்கு அதில் ஒரு நெருக்கம் இருக்கிறது. புதிதாக வருபவருக்கு அது பூட்டிய கதவு. முதல் முறை முழுப் பெயரை எழுதிவிட்டு அடுத்ததிலிருந்து சுருக்கினால் இரு தரப்புக்கும் நல்லது. நூல் பெயரையும் தமிழ் எழுத்தில் சரியாக எழுத வேண்டும். இணையக் கடைகளில் ஒரே நூல் ஆங்கில எழுத்துக் கூட்டலில் நாலு விதமாகப் பதிவாகியிருக்கும். தமிழில் தேடினால் ஒன்றும், ஆங்கில எழுத்தில் தேடினால் வேறொன்றும் வரும். பெயர்க் குழப்பமும் உண்டு. அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவல்; கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' நாடகம். ஒன்றைக் கேட்டு மற்றொன்றை வாங்கி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

படமாக வந்த நூல்களைப் படத்தின் பெயரிலேயே தேடுவதும் அடிக்கடி நடக்கிறது. 'அசுரன்' படத்தின் மூலம் பூமணியின் 'வெக்கை', 'விசாரணை'யின் மூலம் மு. சந்திரகுமாரின் 'லாக்கப்', 'உதிரிப்பூக்கள்' படத்துக்கு விதை புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'. பதில் சொல்பவர் இரண்டு பெயரையும் சேர்த்து எழுதிவிட்டால் பின்னால் தேடி வருபவருக்கும் உதவும்.

பல பதிப்புகள் உள்ள நூல்களில் எந்தப் பதிப்பு என்று சொல்லாத பரிந்துரை அரைகுறைதான். கல்கி, புதுமைப்பித்தன் போன்றோரின் எழுத்துகள் நாட்டுடைமையானவை; யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், பலரும் அச்சிடுகிறார்கள். எழுத்தின் அளவு, தாள், பிழை திருத்தம் எல்லாம் பதிப்புக்குப் பதிப்பு மாறும். 'பொன்னியின் செல்வ'னுக்குச் சுருக்கப் பதிப்புகளும் இருக்கின்றன. விலை குறைவாக இருக்கிறதே என்று வாங்கியவர் வீட்டுக்கு வந்துதான் அதைக் கவனிப்பார். புதுமைப்பித்தன் கதைகளுக்கு ஆ. இரா. வேங்கடாசலபதி 2000ஆம் ஆண்டில் பதிப்பித்த செம்பதிப்பு இருக்கும்போது, அதைப் பெயர் சொல்லிப் பரிந்துரைப்பதே முறை. எந்தக் கதை எந்த இதழில் எப்போது வந்தது என்ற விவரமெல்லாம் அதில் ஒழுங்காகக் கிடைக்கிறது.

மொழிபெயர்ப்புகளில் மொழிபெயர்ப்பாளர் பெயர் இல்லாமல் நூல் பெயர் மட்டும் சொல்வது முகவரியில் தெருவை விட்டுவிட்டு ஊரை மட்டும் எழுதுவது போல. தஸ்தயேவ்ஸ்கியின் நாவலை 'இடியட்' என்று தேடுபவர், எம். ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பு 'அசடன்' என்ற பெயரில் இருப்பதை அறியாமல் தமிழில் இல்லை என்று முடிவுகட்டிவிடலாம். டால்ஸ்டாயின் 'போரும் வாழ்வும்' என்றால் டி. எஸ். சொக்கலிங்கம், தகழியின் 'செம்மீன்' என்றால் சுந்தர ராமசாமி, தாராசங்கர் பந்த்யோபாத்யாயவின் 'ஆரோக்ய நிகேதனம்' என்றால் த. நா. குமாரஸ்வாமி. நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு அவர் செய்த மற்ற நூல்களைத் தேடிப் போவதும் அடுத்த நூலைக் கண்டுபிடிக்கும் வழிகளில் ஒன்று. தமிழில் இது இன்னும் அதிகம் பயன்படுத்தப்படாத வழி.

நட்சத்திரங்களும் கடைகளின் யோசனைகளும்

குட்ரீட்ஸ் தளம் 2007இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது, 2013இல் அமேசான் அதை வாங்கியது. அதில் ஐந்து நட்சத்திரங்களுக்கும் தளமே பொருள் தந்திருக்கிறது: ஒன்று என்றால் பிடிக்கவில்லை, இரண்டு பரவாயில்லை, மூன்று பிடித்திருக்கிறது, நான்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஐந்து அபாரம். நம் ஊரில் மூன்று நட்சத்திரத்தைப் பலர் தோல்வி மதிப்பெண்ணாகவே பார்க்கிறார்கள். எழுத்தாளர்களே வருத்தப்பட்டுக் கேட்பதும் உண்டு. தமிழ் நூல்களின் சராசரியைப் பார்க்கும்போது, அதற்குப் பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். ஏழு பேர் சேர்ந்து தந்த 4.8 என்பது அந்த ஏழு பேரைப் பற்றிய செய்தி. ஐந்து நட்சத்திர மதிப்புரைகளிலும் ஒரு நட்சத்திர மதிப்புரைகளிலும் உணர்ச்சி அதிகம், தகவல் குறைவு. மூன்று நட்சத்திரம் தந்தவர்கள்தான் எது நன்றாக இருந்தது, எது இல்லை என்று நிதானமாக எழுதுகிறார்கள். நேரம் குறைவாக இருப்பவர் அவற்றை மட்டும் படித்தால் போதும்.

இணையக் கடை காட்டும் 'இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்' வரிசை, வாங்கலின் கணக்கு. ஒருவர் தனக்கு ஒரு நாவலும் மகளுக்கு ஒரு போட்டித் தேர்வு வழிகாட்டியும் ஒரே பெட்டியில் தருவித்தால், அந்தக் கணக்குக்கு இரண்டும் உறவாகிவிடும். அதிகம் பேர் வாங்கிய தலைப்புகள் மேலும் மேலும் கண்ணில் படும். சில நூறு பிரதிகளே அச்சாகும் நூல் அந்த வரிசைக்கு வரவே வராது. நல்ல தமிழ் நூல்களில் பல அப்படிச் சில நூறு பிரதிகள் மட்டும் அச்சாகின்றவை. அவற்றை ஒருவர் வாய்ச்சொல்லால்தான் இன்னொருவர் அறிய முடியும். குழுக்கள் இருப்பதன் பயனும் அங்கேதான்.

இதில் நீண்ட நாள் பலன் தருவது, ரசனை ஒத்த நாலைந்து பேரைக் கண்டுபிடித்து அவர்கள் எழுதுவதைத் தொடர்ந்து கவனிப்பது. ஒத்த ரசனையைப் பிடித்த நூல்களை வைத்துக் கணிக்க முடியாது. 'ஒரு புளியமரத்தின் கதை' யாருக்குத்தான் பிடிக்காது? எல்லோரும் புகழ்ந்த எந்த நூல் அவருக்குப் பிடிக்கவில்லை, அதற்கு என்ன காரணம் சொன்னார் என்று பார்க்க வேண்டும். அந்த இடத்தில் ஒத்துப்போனால், அவர் புகழும் அறிமுகமில்லாத நூலையும் நம்பி வாங்கலாம்.

பெயர் மறந்த நூல்கள்

பரிந்துரைக் குழுக்களில் சுவையான கேள்விகள் இவைதான். "சின்ன வயதில் பெரியம்மா வீட்டில் பைண்டு செய்த புத்தகத்தில் படித்தேன், ஒரு பெண் கிணற்றடியில் நிற்பது போல் படம், பெயர் நினைவில்லை." இப்படிக் கேட்பவர் கதையை மட்டும் சொன்னால் கண்டுபிடிப்பது கடினம். எந்த ஆண்டுவாக்கில் படித்தது, எந்தப் பத்திரிகையில் தொடராக வந்தது, தனி நூலா மாத நாவலா என்பவை முக்கியம். தொடர்கதை என்றால் ஓவியர் பெயர் பெரிய துப்பு. கோபுலுவா, ஜெயராஜா, மாருதியா, மணியம் செல்வனா என்று தெரிந்தால் பத்திரிகையும் காலமும் பாதி பிடிபட்டுவிடும். கதைக்களம் இன்னொரு நல்ல துப்பு: உப்பளத் தொழிலாளர்கள் என்றதும் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' என்று யாராவது சொல்லிவிடுவார்கள். நினைவில் இருப்பது எது, ஊகம் எது என்று பிரித்துச் சொல்வது நல்லது. நாயகன் பெயர் தவறாக நினைவிருந்தால் தேடுபவர்கள் எல்லோரும் வேறு திசையில் போய்விடுவார்கள். கிடைத்தவுடன் மூலப் பதிவில் பெயரைச் சேர்த்துவிட வேண்டும்.

கிடைக்கும் இடம்

பரிந்துரைக்குக் கீழே முதல் ஆளாக வருபவர் பெரும்பாலும் "பி.டி.எஃப். இருக்கா அண்ணா?" என்று கேட்பவர். அவரைத் திட்டுவதைவிட வழி காட்டுவது நல்லது. விலைக்கு விற்பனையில் உள்ள நூலை நகலெடுத்துப் பரப்புவது திருட்டு. சில நூறு பிரதிகளை நம்பி அச்சிடும் பதிப்பகத்தை அது நேராகவே அடிக்கிறது. ஆனால் முறையாக இலவசமாகக் கிடைப்பவையும் ஏராளம். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களோடு கல்கி, புதுமைப்பித்தன் எழுத்துகளையும் தருகிறது. தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. இலங்கைத் தமிழ் நூல்கள், இதழ்கள் என்றால் 2005இல் தொடங்கிய நூலகம் தளம். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அச்சாகி வேறெங்கும் கிடைக்காதவை அங்கே கிடைக்கின்றன. அச்சில் இல்லாத நூலுக்கு, நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதியைச் சட்டப்படி பெறும் நான்கு நூலகங்களில் ஒன்றான சென்னை கன்னிமாரா, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லலாம். நூல் பெயரோடு இந்த வரியையும் சேர்ப்பவரின் பரிந்துரை படிக்கப்படும் வாய்ப்பு அதிகம்.

படித்த பின்

பரிந்துரை வாங்கியவர் படித்துவிட்டுத் திரும்பி வந்து சொல்வது அரிதாகவே நடக்கிறது. சொன்னவருக்கு அதைவிடப் பெரிய நன்றி இல்லை. பிடிக்கவில்லை என்றாலும் சொல்லலாம். "மொழி நன்றாக இருந்தது, பாதிக்கு மேல் கதை நகரவில்லை" என்றால் அடுத்த பரிந்துரை இன்னும் கூர்மையாக வரும். சொன்னவரும் அதைத் தன் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொண்டு வாதாட வேண்டியதில்லை. "உனக்குப் புரியவில்லை" என்று பதில் எழுதுபவரிடம் அடுத்த முறை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

எவ்வளவு தூரம் படித்துப் பார்த்துவிட்டு விடலாம் என்பதற்கும் நான்சி பேர்லிடம் ஒரு கணக்கு உண்டு. ஐம்பது வயது வரை உள்ளவர் ஒரு நூலுக்கு ஐம்பது பக்கம் வாய்ப்புத் தர வேண்டும். ஐம்பதைத் தாண்டியவர் நூறிலிருந்து தன் வயதைக் கழித்து, மிஞ்சும் பக்கங்களைப் படித்தால் போதும். எழுபது வயதுக்காரருக்கு முப்பது பக்கம். நூறு வயது ஆனவர் அட்டையைப் பார்த்தே முடிவு செய்துகொள்ளலாம்.